பந்து ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்

“நீதான் என் செருப்பை எட்டி உதைச்சே!”

“நீ முதல்ல என் பந்தைத் தண்ணியில தள்ளலையா?”

“அது தானா உருண்டுச்சு!”

“ஆமா, பந்துக்குக் கால் முளைச்சுது!”

“ரெண்டு பேரும் வாயை மூடுறீங்களா? வயர்லெஸ்ல பேசுறது காதுலயே விழல!” என்று சித்தி ஒரு அதட்டுப் போட்டாள்.

வாண்டுவும் அண்ணனும் கப்சிப்.

அது கடல் மீட்புத் தொண்டர்களின் அறை. சம்பளம் கிடையாது. கடலில் யாருக்காவது ஆபத்து என்றால், செய்கிற வேலையைப் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். வாண்டுவின் அம்மா தையல்காரி. மீட்புப் படகை ஓட்டுபவளும் அவள்தான். இன்று பாதி தைத்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு கிளம்பிப் போயிருந்தாள்.

காணாமல் போனவர் சலூன்கார மாமா. காலையில் அண்ணனுக்கு முடி வெட்டி முடித்த கையோடு, சின்ன ரப்பர் படகில் மீன் பிடிக்கப் போனவர்.

வயர்லெஸ் கரகரத்தது. அம்மாவின் குரல்!

“ரப்பர் படகு பாறைக்கிட்ட மிதக்குது. உள்ளே ஆள் இல்லை. ஓவர்.”

சித்தி எழுந்து நின்றாள். அம்மா தொடர்ந்தாள்.

“காலிப் படகைக் காத்து தள்ளிட்டு வந்திருக்கும். ஆள் நீரோட்டத்தோடதான் போயிருப்பார். அட்டவணையில என்ன போட்டிருக்கு? ஓவர்.”

சித்தி சுவரில் ஒட்டியிருந்த நீரோட்ட அட்டவணையைப் பார்த்தாள். “நீரோட்டமும் இப்போ பாறைப் பக்கம்தான் அக்கா. ஓவர்.”

“அப்போ இங்கேயே தேடுறோம்!”

வாண்டுவுக்குப் பொறி தட்டியது. சற்று முன் தண்ணீரில் விழுந்த பந்து பாறைப் பக்கம் போனது. ஆனால் செருப்பு? அது எதிர்ப்பக்கம், பச்சை மிதவையை நோக்கியல்லவா போனது! பந்து தண்ணீருக்கு மேலே நின்றது, காற்று தள்ளியது. செருப்பு பாதி முங்கிக் கிடந்தது. அதைத் தண்ணீர்தானே இழுத்திருக்கும்?

“சித்தி! நீரோட்டம்...”

அண்ணன் அவளை நறுக்கென்று கிள்ளினான். “சொல்லாதே! படகுத்துறை ஓரத்துல விளையாடினது தெரிஞ்சா அம்மா தோலை உரிச்சிடுவாங்க! அதுவும் புதுச் செருப்பு!”

வாண்டு கடலைப் பார்த்தாள். மாமா எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்?

“உரிச்சா உரிக்கட்டும்! சித்தி, நீரோட்டம் திரும்பிடுச்சு. என் செருப்பு பச்சை மிதவைப் பக்கம் போச்சு!”

“உன் செருப்பை நம்பிப் படகைத் திருப்பச் சொல்றதா? அட்டவணையில...”

“அட்டவணையா கடல்ல மிதக்குது? இதைப் பாருங்க!”

வாண்டு காலில் மிஞ்சியிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றினாள். ஜன்னலுக்குக் கீழே கடல். போட்டாள் ஒரு போடு!

மூவரும் எட்டிப் பார்த்தார்கள். செருப்பு ஒரு சுற்று சுற்றியது. பாறைப் பக்கம் போகிற மாதிரி லேசாகத் திரும்பியது.

“பார்த்தியா?” என்றாள் சித்தி.

“இருங்க சித்தி, இருங்க!”

மறுநொடி, யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல், பச்சை மிதவையை நோக்கி விறுவிறுவென்று போனது!

“ராத்திரி பெஞ்ச மழை! ஆத்துத் தண்ணி வந்து கடலைத் தள்ளுது!” சித்தி மைக்கைப் பிடுங்கினாள். “அக்கா, படகைத் திருப்பு! பச்சை மிதவைக்குப் போ! நீரோட்டம் மாறிடுச்சு!”

“உனக்கு எப்படித் தெரியும்? ஓவர்.”

“அப்புறம் சொல்றேன், போ!”

“‘ஓவர்’ சொல்லலை சித்தி,” என்றான் அண்ணன்.

“நீ சும்மா இருடா!”

வயர்லெஸ் மூச்சுக்கூட விடவில்லை. வாண்டு அண்ணனின் கையைப் பிடித்தாள். அவனும் விடவில்லை.

கர்ர்ர்...

“கிடைச்சிட்டார்! மிதவைச் சங்கிலியைப் பிடிச்சுத் தொங்கிட்டிருந்தார்! உசிரோட இருக்கார்! ஓவர்! ஓவர்!”

அண்ணன் குதித்த குதியில் நாற்காலி கவிழ்ந்தது.

கம்பளி போர்த்திக்கொண்டு மாமா கரையேறினார். பற்கள் தந்தியடித்தன. கண் மட்டும் அண்ணனின் தலைக்குப் போனது.

“டேய்... இ... இடது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கே. நாளைக்கு வா, ச... சரி பண்ணிடலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். மாமா கம்பளிக்குள்ளிருந்து எதையோ எடுத்தார். “தனியா இருக்கோமேன்னு பயந்தப்போ இதுதான் மிதந்து வந்து எனக்குத் துணையா இருந்துச்சு.”

சின்னச் செருப்பு. புத்தம் புதுசு.

அம்மா செருப்பைப் பார்த்தாள். வாண்டுவின் வெறுங்காலைப் பார்த்தாள். அண்ணன் கூரையைப் பார்த்தான்.

“சரி... இது எப்படித் தண்ணிக்குப் போச்சு?”