எண் பலகையின் பின்புறம்

மெர்டேக்கா என்று ஊரே கொண்டாடிய சுதந்திரம் கிடைத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. காஜா பெராங்கில் துப்பறிவாளர் தெய்வநாயகத்தின் அலுவலகத்துக்குக் கோகிலா அழுது வீங்கிய கண்களோடு வந்தாள். உதவியாளன் சேதுராமன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“என் வீட்டுக்காரரு தம்பிராஜா லாக்கப்புல இருக்காரு, ஐயா. அவரு ஓட்டுன லோரி கக்குன பொகையில, பின்னால மோட்டார் சைக்கிள்ல வந்த அப்பாசாமி அண்ணன் வழி தெரியாம பாலத்துல மோதிச் செத்துட்டாரு. போன மாசம் பொகைச் சோதனையில பாஸான லோரியாம். அப்புறம் இவருதான் டீசல் பம்பைத் திருகி பொகை வர வச்சுட்டாருன்னு முதலாளி சொல்றாரு.”

“சோதனைக்கு ஓட்டிப் போனது யாரு?” என்றார் தெய்வநாயகம்.

“முதலாளியேதான். அன்னிக்கு இவருக்கு லீவு குடுத்துட்டாரு.”

செங் என்ற இடத்தில் இருந்தது முதலாளி கருணாகரனின் லோரிக் கொட்டகை. ஒரே மாதிரியான இரண்டு பச்சை லோரிகள். ஒன்று வெயிலில் வெளுத்து, போலிஸ்காரர் ஒருவரின் காவலில் நின்றது. மற்றொன்று பளபளத்தது.

“மெர்டேக்கா ஊர்வலத்துக்காகப் பூசினது,” என்றார் கருணாகரன் பெருமையாக. “சோதனைக்கு முந்தின நாள்தான் பூசி முடிச்சோம்.”

“பழைய லோரிக்கு?”

“அதுக்கு எதுக்குங்க? வாங்கினதுலேருந்து சாயமே பூசல.”

சேதுராமன் பழைய லோரியின் என்ஜினுக்குள் தலையை விட்டான். “ஐயா! பம்பைத் திருகின கீறல் புதுசா இருக்கு!”

“திருகியிருக்கு, சரி. யார் திருகினதுன்னு கீறல் சொல்லுமா?” என்றபடி தெய்வநாயகம் பின்னால் போய், போலிஸ்காரரின் அனுமதியோடு அந்த லோரியின் எண் பலகையைக் கழற்றித் திருப்பினார்.

பலகையின் பின்புற ஓரங்களில் புத்தம்புதிய பச்சைச் சாயம் ஒட்டியிருந்தது.

தெய்வநாயகம் புதுச் சாயம் பூசிய லோரியின் பலகையையும் கழற்றினார். அது இருந்த இடத்தில், அதே ஓரங்களின் அளவில் சாயம் உரிந்திருந்தது.

“பூச்சு காயறதுக்குள்ள பழைய லோரியோட எண்ணை இதுல மாட்டியிருக்கீங்க. சோதனைக்குப் போனது இந்த நல்ல லோரி. பழசு பாஸாகாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். சாவு நடந்த பிறகு, போலிஸ் காவல் போடறதுக்குள்ள, பழியை டிரைவர் மேல போட பம்பைத் திருகினீங்க.”

போலிஸ்காரர் இரண்டு பலகைகளையும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் விடுதலையான தம்பிராஜா வீட்டுக்குப் போகவில்லை. “அப்பாசாமி அண்ணன் வீட்டுக்குப் போகணும்,” என்றான். கோகிலாவும் சேதுராமனும் கூடப் போனார்கள்.

அப்பாசாமியின் மனைவி பூங்காவனம் வாசலுக்கு வந்தாள். வந்திருப்பது தம்பிராஜா என்று தெரிந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டாள். திட்டுவாள் என்று சேதுராமன் எதிர்பார்த்தான்.

“ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது நீங்கதானே? கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?” என்று தம்பிராஜாவிடம் கேட்டாள்.

“தண்ணி கேட்டாரு, அக்கா. குடுத்தேன். குடிச்சாரு.”

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, “உள்ள வாங்க,” என்றாள்.