முன்பே ஊட்டிவிட்டுப் போனவள்

"இப்பத்தானே ஊட்டிட்டுப் போன. திரும்பவுமா?" என்றான் வைசன்.

டோரிக்கா கஞ்சிக் கிண்ணத்துடன் கட்டிலருகே நின்றாள். பதினோரு நாட்களுக்குப் பிறகு கணவன் பேசிய முதல் பேச்சு அது. மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்று சொல்லி, ஏரியிலிருந்து படகில் தூக்கி வந்தவனை ஆஸ்பத்திரிக்காரர்கள் இந்தக் கட்டிலில் கிடத்தியபோது, அவன் பற்கள் ஒன்றோடொன்று உரசிய சத்தம் வாசல்வரை கேட்டது. அந்த வாயிலிருந்து இன்று வார்த்தை வந்திருக்கிறது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அழுகை அடங்கிய பிறகுதான் அவன் உதட்டோரத்தைப் பார்த்தாள். ஈரமான கஞ்சி ஒட்டியிருந்தது. விரலால் வழித்து முகர்ந்தாள். நிலக்கடலை மாவின் வாசனை.

அவளிடம் நிலக்கடலை இல்லை. மதிய மணி அடித்து, காவலாளி கதவைத் திறந்து, முதல் ஆளாக உள்ளே வந்தவள் அவள்தான்.

"யாரு ஊட்டினது?" என்று கேட்டாள்.

"நீதான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான்.

நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் தங்கும் கொட்டகை, வார்டுகளுக்குப் பின்னால், வேப்பமரங்களுக்கு அடியில் இருந்தது. அங்கேயே சமைத்து, அங்கேயே துவைத்து, காலை, மதியம், மாலை என மூன்று வேளை மணி அடிக்கும்போதும் பாத்திரத்தோடு உள்ளே போவார்கள். நாஃபிரி அக்கா டோரிக்காவின் பாய்க்கு அடுத்த பாய். மகனின் உடைந்த காலுக்காக ஒரு மாதமாக அங்கே இருக்கிறாள்.

"நான் ஊட்டலை பொண்ணே" என்றாள் நாஃபிரி, களியைக் கிண்டிக்கொண்டே. "என் மகனுக்கு ஊட்டவே எனக்குக் கை போதலை. குரங்கு துரத்தி விழுந்தேன்னு சொல்றான். அடுத்தவன் மாமரத்துல ஏறினது குரங்கா இவனான்னு கேட்டா மட்டும் கால் வலிக்குதுங்கறான்."

கொட்டகையே சிரித்தது. டோரிக்காவும் சிரித்தாள். காய்ச்சல் மூளையில் ஏதேதோ காட்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனால் விரலில் அந்தக் கடலை வாசனை, சோப்புப் போட்டுக் கழுவியும், மாலைவரை போகவில்லை.

மறுநாள் சிஸ்டர் கலூவா அவளை வராந்தாவில் நிறுத்தினாள்.

"மணி அடிக்கறதுக்கு முன்னாடி உள்ள வரக்கூடாதுன்னு உனக்குத் தெரியும்தானே? அவர் தேறி வர்றாரேன்னுதான் பேசாம இருக்கேன்."

"நான் வரலையே சிஸ்டர்."

"நாலு நாளாப் பார்க்கறேன். இதே மஞ்சள் துணி. கூப்பிட்டாத் திரும்பக்கூட மாட்டேங்கற."

டோரிக்கா இடுப்பில் கட்டியிருந்த துணியைக் குனிந்து பார்த்தாள். மஞ்சளில் நீல மீன்கள். கல்யாணத்துக்கு வைசனே துணி வாங்கி, ஓரம் தைத்துக் கொடுத்தது. அந்த ஓரத்தையல் கோணலாகப் போயிருக்கும். அதைப்போல இன்னொன்று இருக்க முடியாது.

அடுத்த நாள் அவள் சமைக்கவில்லை. மதிய மணி அடிக்க ஒரு மணி நேரம் முன்பே வார்டின் பின்பக்கம் போய், ஜன்னல் வலைக்கு வெளியே குந்திக்கொண்டாள். வெயில் உச்சியில் நின்றது. சுவரின் சூடு முதுகில் ஏறியது. உள்ளிருந்து டெட்டாலும் மூத்திரமும் வியர்வையும் கலந்த காற்று மெல்ல வந்துகொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். எங்கோ ஒரு சக்கரம் கிறீச்சிட்டு நின்றது. பிறகு எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் குறைந்தது, ஏரிக்குள் தலையை முக்கியதுபோல.

எழுந்து பார்த்தாள்.

வைசனின் கட்டிலில் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் துணி. கோணல் தையல். முழங்கைக்குப் பின்னால், எண்ணெய் பட்டு வெந்த தழும்பு, நத்தை வடிவில். டோரிக்கா தன் முழங்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பெண் அவசரமில்லாமல் ஊட்டினாள். கஞ்சியிலிருந்து ஆவி எழவில்லை. அவள் ஊதவும் இல்லை. வைசன் கண்மூடி வாயைத் திறந்து திறந்து வாங்கினான். ஒவ்வொரு வாய்க்கும் அவன் கன்னத்தில் கொஞ்சம் இரத்தம் ஏறியது.

டோரிக்கா கட்டடத்தைச் சுற்றி ஓடினாள். காவலாளியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலருகே யாரும் இல்லை.

"என் மேல கோபமா, தியாமிக்கே அம்மா?" என்றான் வைசன், வாயைத் துடைத்துக்கொண்டே. எட்டு வயது மகளின் பெயர் சொல்லித்தான் எப்போதும் அவளைக் கூப்பிடுவான். "வர்ற, ஊட்டற, போற. ஒரு வார்த்தை பேச மாட்டேங்கற."

அவள் சிஸ்டரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பக்கத்திலேயே இருக்கிறேன் என்றாள். சிஸ்டர் கலூவா அவள் கண்களைப் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து டோரிக்கா அவன் கையை விடவில்லை. மதிய மணி அடித்தது. யாரும் வரவில்லை. தான் காய்ச்சிய கஞ்சியை ஊட்டினாள். மூன்று வாய் வாங்கினான். நாலாவதில் எல்லாம் வெளியே வந்தது. இரண்டு மணிக்கு உடம்பு கொதித்தது. நாலு மணிக்குப் பற்கள் மறுபடியும் உரசத் தொடங்கின.

அவளை வெளியே அனுப்பினார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வராந்தாவில் நின்ற டோரிக்காவுக்கு டாக்டர் சிஸ்டரிடம் சொன்னது கேட்டது. "வீட்டு ஆளுங்க வேற யாராவது இருந்தா வரச் சொல்லுங்க."

யார் இருக்கிறார்கள்? தங்கை வீட்டில் விட்டுவந்த தியாமிக்கே. அப்பா எப்போது வருவார் என்று போனில் தினமும் கேட்கிற பிள்ளை. அவளிடம் என்னவென்று சொல்வது?

வேப்பமரத்துக்கு அடியில் நிழல் திட்டாகக் கிடந்தது. அங்கே யாரும் இல்லை. இருந்தும் அந்த இடத்தைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நான் உள்ள போகலை. இனிமே போக மாட்டேன். நீ வந்து ஊட்டு."

கடைசிச் சொல் தொண்டையில் கீறிக்கொண்டு பாதிதான் வெளியே வந்தது.

காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வைசன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் இல்லை. மஞ்சள் துணிக்காரி வெறும் கிண்ணத்தை மடியில் வைத்திருந்தாள்.

"இன்னைக்குத்தான் என் பேரையே சொல்லியிருக்க" என்று அவன் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

டோரிக்கா வாக்கைக் காப்பாற்றினாள். வார்டுக்குள் போகவில்லை. ஆனால் ஜன்னலடியை விட்டு நகரவும் முடியவில்லை. முதல் நாள் உள்ளிருந்து ஒன்றிரண்டு சொற்கள் கேட்டன. அடுத்த நாள் ஒரு வாக்கியம். அதற்கடுத்த நாள் டோரிக்காவின் குரல், அவளுடைய அதே குரல், கல்யாணத்தன்று மழையில் ஊர்வலத்துப் படகு மணலில் சிக்கிய கதையைச் சொல்லி, அவள் சிரிப்பதுபோலவே நடுவில் மூச்சடைத்துச் சிரித்தது. வைசனும் சிரித்தான். எத்தனை நாளாயிற்று அவன் சிரித்து. அந்தச் சிரிப்புக்காக எதையும் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பயத்துக்குள்ளும் தோன்றியது.

கொட்டகையில் நாஃபிரியிடம் உப்புக் கேட்டாள்.

"என்ன சொன்ன?" என்றாள் நாஃபிரி.

மறுபடி கேட்டாள்.

"காத்துதான் வருது. தொண்டை கட்டிக்கிச்சா? வெந்நீர் குடி."

மறுநாள் கேட்டபோது நாஃபிரி திரும்பவில்லை. அதற்கு மறுநாள், டோரிக்காவின் பாயில், அவள் உட்கார்ந்திருக்கும்போதே, புதிதாக வந்த ஒருத்தி தன் மூட்டையை இறக்கி வைத்தாள்.

பசி எடுக்கவில்லை. தாகமும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை வைசன் நடந்து வெளியே வந்தான். மெலிந்து, கண்கூசி, ஆனால் தன் காலில். அவன் கையைத் தன் தோளில் போட்டுத் தாங்கிக்கொண்டு, மஞ்சள் துணியில், அவள். சிஸ்டர் கலூவா மாத்திரைப் பொட்டலத்தை அவளிடம்தான் கொடுத்தாள்.

"நல்லாப் பார்த்துக்கிட்டம்மா. உன்னாலதான் பிழைச்சாரு."

"உங்க எல்லாராலயும்தான் சிஸ்டர்" என்றாள் அவள்.

டோரிக்கா வாசல் தூணருகே நின்றாள். போகட்டும் என்று நினைத்தாள். அவன் பிழைத்தான். அது போதும். பின்னாலேயே வீடுவரை நடந்து போகலாம், வாசலில் நின்றாவது பார்க்கலாம்.

வைசன் போனை எடுத்து, தங்கை வீட்டு எண்ணை அழுத்தி, அவள் காதில் வைத்தான்.

"பாப்பா? அம்மா பேசறேன். ஆமாடா, அப்பாவும் வர்றாரு. ஏன் குரல் இப்படி இருக்கு? சளியா? காய்ச்சல் அடிக்குதா?" பிறகு மிக மென்மையாக: "பயப்படாத. அம்மா வந்து கஞ்சி ஊட்டறேன்."

டோரிக்கா ஓடினாள்.

வைசனின் முன்னால் போய் நின்றாள். அவன் பார்வை அவளைத் தாண்டி, கூலிக்கு ஆள் ஏற்றும் சைக்கிள்காரனைத் தேடியது.

கத்தினாள். காற்று வந்தது. வெறும் காற்று.

இன்னொரு முறை. முழு மூச்சும் சேர்த்து. பிள்ளையின் பெயரை.

எதுவும் இல்லை.

"போயிட்டு வா டோரிக்கா" என்று கொட்டகைப் பக்கமிருந்து நாஃபிரி மஞ்சள் துணிக்காரிக்குக் கையசைத்தாள்.

சைக்கிள் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டு, அவள் முதன்முறையாக டோரிக்காவை நேராகப் பார்த்தாள். வாயைத் திறந்து, வரிசையான பற்கள் தெரிய, சிரித்தாள். முன்பல்லில், டோரிக்காவுக்கு இருக்கும் அதே சின்ன உடைசல்.

டோரிக்கா தன் வாய்க்குள் விரலை விட்டாள்.

பல் இல்லை. ஈறு இல்லை. நாக்கைத் தேடினாள். விரல் உள்ளே போனது. இன்னும் உள்ளே போனது. மணிக்கட்டுவரை போனது.

எதுவும் தட்டுப்படவில்லை.