பதில் ஸலாம்

வாசலில் நின்றவன் ஸலாத்துக்குப் பதில் சொல்லவில்லை.

அவன் தலையில் வெள்ளைத் தொப்பி இருந்தது. அதைப் பார்த்துத்தான் ஜவுபர் வழக்கம்போல் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றான். டிக்கட் கிழித்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தி ஜவுபரின் வாயையே பார்த்தான். பிறகு சத்தமே இல்லாமல், அந்தச் சொற்களைத் தன் உதடுகளில் மெதுவாக ஒருமுறை அசைத்துப் பார்த்தான். புதிதாக முளைத்த பல்லை நாக்கால் தடவிப் பார்ப்பதுபோல் இருந்தது அது.

ஜவுபர் அதைக் கவனிக்கவில்லை. அவனுடைய தோளில் ஒன்றரை வயது மகன் நித்திரையாகக் கிடந்தான். கவனித்தவள் அவனுடைய மனைவி சுபைறா மட்டும்தான். கவனித்ததை என்னவென்று சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளின் மூன்றாம் நாள் பின்னேரம். கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்குப் போகிற வீதியில், பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த நெல் ஸ்டோர் ஒன்றின் முன்னால் ராட்டினமும் வளையல் கடைகளும் முளைத்திருந்தன. ஸ்டோரின் முகப்பைப் பலகையால் மறைத்து, பச்சை மை பூசி, கோட்டை வாசலாக மாற்றியிருந்தார்கள். மேலே சாய்ந்த எழுத்துகளில் 'பாசிக்கோட்டை' என்று இருந்தது.

பாசிக்கோட்டையைத் தெரியாத பிள்ளை அந்த வருடம் ஊரில் இல்லை. முதலில் மெல்லிய புத்தகங்களாக வந்தது. பனி பெய்கிற ஏதோ ஒரு தேசத்தின் கதை. யாரோ தமிழில் மொழிபெயர்த்திருந்தார்கள். ஒன்பது பாகம். பிறகு சனிக்கிழமைகளில் டிவியில் நாடகமாகப் போனது. பிறகு பபிள்கம் உறைக்குள் ஸ்டிக்கராகவும் வந்தது. சுபைறாவின் மகள் ஆகிலாவுக்கு ஒன்பது வயது. ஒன்பது பாகமும் அவளுக்கு மனப்பாடம்.

"ஜவுபர், நீ உள்ளுக்குப் போகல்லையா?" என்று கேட்டான், வாசலருகே வண்டில் வைத்திருந்த கடலைக்கார சீனிமுகம்மது.

"இவன் நித்திரை. எழும்பினா ஊரைக் கூட்டிடுவான்."

"பயம் எண்டு சொல்லன்."

"உன்ட கடலையைத் திண்டுட்டே உசிரோட இருக்கிறன். இனி என்னத்துக்குப் பயப்பிட?"

சீனிமுகம்மது சிரித்தான். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஒரு குடும்பம் உள்ளே போய் வெளியே வந்த பிறகுதான் அடுத்த குடும்பத்தை விடுவார்களாம். ஆகிலா உம்மாவின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"உம்மா, உள்ளுக்க ஆரு கூப்பிட்டாலும் பதில் சொல்லப்படா. விளங்கிச்சா? பதில் சொன்ன ஆள் கோட்டைக்குள்ள. கூப்பிட்டது அந்த ஆள்ற உடம்பைப் போட்டுக்கிட்டு வெளிய."

"அப்ப நல்லம்தானே. சமையல் இல்ல, உடுப்புத் துவைக்கிற வேலை இல்ல. உம்மா உள்ளுக்க ஆறுதலா இருப்பன்."

"பகிடி இல்ல உம்மா."

பிள்ளையின் முகத்தில் சிரிப்பே இல்லை. சுபைறா அவளுடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தொப்பிக்காரன் சாக்குப் படுதாவை விலக்கினான். உள்ளே போகும்போது அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவனுடைய உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

உள்ளே முதலில் வந்தது வாசம். எப்போதோ அடுக்கியிருந்த நெல்லின் உமித் தூசியும், நனைந்து காய்ந்த சாக்கும், புதிதாகப் பூசிய மையும் கலந்த வாசம். அதற்கும் அடியில், நெடுங்காலம் யாரும் தண்ணீர் அள்ளாத கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது முகத்தில் வந்து மோதுகிற குளிர்ந்த மூச்சு. சாக்குகளைத் தைத்துச் சுவராகத் தொங்கவிட்டு, அவற்றில் பிளாஸ்டிக் பாசியை ஒட்டி, நீல பல்ப் ஒன்றை எரியவிட்டிருந்தார்கள். எங்கோ ஒரு மின்விசிறி சுழல, அந்தப் பாசி முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

மூலையில் ஸ்பீக்கர் கொரகொரத்தது. "வழிப்போக்கரே! என் தாகம் தீர்ப்பீரா?"

ரேடியோ நாடகத்துக் குரல். சுபைறாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆகிலா மற்றக் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு, கண்களால் உம்மாவை எச்சரித்தாள்.

இரண்டாவது அறையில் பொம்மைகள் நின்றன. களிமண்ணில் செய்து சாம்பல் பூசிய ஆளுயர உருவங்கள். பதில் சொல்லி மாட்டிக்கொண்டவர்களாம். எல்லோருடைய வாயும் பாதி திறந்திருந்தது. ஒருத்திக்கு மலைநாட்டுத் தேயிலைக் கொழுந்துக் கூடை. ஒருவனுக்கு மீனவர் தொப்பி. நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள் என்று சுபைறா நினைத்தாள். ஒரு பொம்மையின் கீழ் உதட்டில் ஈரம் மினுங்கியது. மை காயவில்லை போலும். ஸ்பீக்கர் மறுபடியும் கொரகொரத்து, "அம்மா, கொஞ்சம் நில்லுங்கள்" என்றது. நிற்காமல் நடந்தார்கள்.

அதற்கு அடுத்தது ஓடைபோல ஒடுங்கிய ஒரு நடைவழி. இருவர் நெருங்கி நடக்கிற அளவுதான் அகலம். பல்ப் இல்லை. இடது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு சுபைறா நடந்தாள். முதலில் கைக்குச் சாக்கு தட்டுப்பட்டது. பிறகு பலகை. பிறகு கல். கல் ஈரமாக இருந்தது. வெளியே ராட்டினத்தின் கிறீச்சும் வளையல் கடைக்காரனின் கூவலும் இத்தனை நேரமும் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தன. எந்த இடத்தில் அவை நின்றன என்று அவளுக்குத் தெரியவில்லை.

இந்த ஸ்டோரை அவளுக்குத் தெரியும். வீதியால் போகும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு ஐம்பது அடி வைத்தால் அதிகம். அவர்கள் இருநூறு அடியாவது வைத்திருப்பார்கள்.

"மகள், திரும்புவமா?" என்றாள் மெதுவாக.

ஆகிலா தலையாட்டியது கையில் தெரிந்தது. ஓம் என்றா, இல்லை என்றா என்று தெரியவில்லை.

அப்போது அந்தக் குரல் வந்தது. ஸ்பீக்கர் கொரகொரக்கவில்லை. சுபைறாவின் இடுப்பு உயரத்தில், மிக அருகில், ஒரு சின்னப் பிள்ளையின் குரல்.

"அசலாமு அலைக்கும்."

எழுத்து விழுங்கப்பட்டிருந்தது. இப்போதுதான் பழகிய வாய்.

சுபைறாவுக்குச் சட்டென்று விளங்கியது. வாசலில் அசைந்த உதடுகள். தாகம், வழிப்போக்கர், அம்மா என்று எதைச் சொன்னாலும் இந்த ஊர் சிரித்துக்கொண்டு போய்விடும். எதற்குப் பதில் சொல்லாமல் இருக்காது என்று அது வாசலிலேயே கற்றுக்...

"வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றாள் ஆகிலா.

தயக்கமில்லாமல். அழகாக. குர்ஆன் பள்ளியில் சொல்வதுபோல். போன மாதம் வீட்டுக்கு வந்த ஒருவரின் ஸலாத்துக்கு, புத்தகத்துக்குள் மூழ்கிக் கிடந்தவள் பதில் சொல்லாமல் இருந்துவிட்டாள். சுபைறா அவளுடைய கையில் கிள்ளி, ஸலாத்துக்குப் பதில் சொல்லாட்டி குத்தம் என்று ஏசினாள். பிள்ளை மறக்கவில்லை.

"மகள்?"

கை மட்டும் சுபைறாவின் கைக்குள் இருந்தது. அதே அளவு. அதே விரல்கள். ஆனால் வியர்வை இல்லை. சூடு இல்லை. அந்தக் கை அவளை முன்னால் இழுத்தது.

"வாருங்கள், அம்மா" என்றது ஆகிலாவின் குரல். "வெளியே போவோம்."

வாருங்கள். அம்மா. ஆகிலா பிறந்த நாளிலிருந்து அவளை அம்மா என்று கூப்பிட்டதில்லை.

முன்னால் ஒரு கதவின் விளிம்பில் வெயில் கோடாகத் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். மூக்குக்குப் பக்கத்து மச்சம். நெற்றியில் பறந்த முடி. எல்லாம் இருந்தன. கண்கள் மட்டும் வெயிலைப் பார்த்தபடி இமைக்காமல் நின்றன. பல நாள் பட்டினி கிடந்தவன் சோற்றுக் கோப்பையைப் பார்ப்பதுபோல்.

"என்ட புள்ள எங்க?" என்றாள் சுபைறா.

அது சிரித்தது. கதவை நோக்கி இழுத்தது.

பின்னால், ஓடையின் ஆழத்திலிருந்து ஓர் அழுகை வந்தது.

"உம்மா... இருட்டா இருக்கு உம்மா... என்னை உட்டுட்டுப் போகாதீங்க..."

சுபைறா நின்றாள். கதவு ஐந்து அடி தூரத்தில் இருந்தது. அந்தப் பக்கம் ஜவுபர் நிற்கிறான். தோளில் மகன். இந்நேரம் எழும்பியிருப்பான், பால் கேட்பான். எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. சட்டமும் தெரிந்தது. பதில் சொன்ன ஆள் உள்ளே. கூப்பிட்ட ஆள் வெளியே. அப்படியென்றால் பிள்ளை வெளியே போவாள். உம்மாவின் இந்த உடம்போடு என்றாலும் போவாள். வெயிலுக்குப் போவாள். தம்பியைத் தூக்குவாள்.

போதும்.

"மகள்" என்றாள் சுபைறா, இருட்டைப் பார்த்து. "உம்மா இஞ்ச இருக்கன்."

கைக்குள் இருந்த கை இல்லாமல் போனது. வெயில் கோடும் இல்லாமல் போனது. காலுக்குக் கீழே ஈரக் கல். எங்கும் கிணற்று வாசம்.

பிறகு ஒரு சின்னக் கை, தடவித் தடவி வந்து அவளுடைய முகத்தைத் தொட்டது. சூடான கை. பெருநாளுக்கு இட்ட மருதோண்டியின் வாசம் அதில் இருந்தது.

"உம்மா" என்றது பிள்ளை. விம்மல் நிற்கவில்லை. "நான் கூப்பிடல்ல உம்மா. நீங்க பதில் சொல்லிடுவீங்க எண்டு வாயைப் பொத்திக்கிட்டுத்தான் இருந்தன். நான் கூப்பிடவே இல்ல."

சுபைறா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

கல்லுக்கு நடுவே எங்கோ ஒரு நெல்மணி அளவு வெளிச்சம் இருந்தது. கண்ணை வைத்தாள். வெளியே பின்னேர வெயில். கோட்டை வாசலுக்குப் பக்கத்திலிருந்த வெளிக்கதவு திறந்தது. அவளுடைய நீலச் சாரியைக் கட்டிய ஒருத்தி, ஆகிலாவின் கையைப் பிடித்தபடி வந்தாள். வெயிலுக்கு வந்ததும் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னகா, பேய் என்ன சொல்லிச்சு?" என்று ஜவுபர் கேட்பது தெளிவாகக் கேட்டது.

அவள் சிரித்தாள். கையை நீட்டினாள். ஜவுபர் மகனை அவளிடம் கொடுத்தான். மகன் ஒருமுறை உடம்பை வளைத்து வீறிட்டான். அவள் அவனுடைய தலையைப் பிடித்துத் தன் தோளில் அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது.

சுபைறா கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

வெளியே வாசல் ஸ்பீக்கரில் அந்தக் கத்தல் கொரகொரத்தது. வரிசையில் நின்றவர்கள் சந்தோஷமாகக் கூச்சலிட்டார்கள். சீனிமுகம்மது கடலைச் சுருளை மடித்தபடியே, "அசல் சாமான்தான் கொண்டு வந்திருக்கானுகள்" என்றான். நால்வரும் வீதியைக் கடந்து போனார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் மூச்சுகள் கேட்டன. இருட்டில், அவர்களைச் சுற்றி. நிறைய. எல்லாம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தன.

முன் வாசலில் படுதா விலகுவது கல்லுக்குள்ளிருந்தே தெரிந்தது. அடுத்த குடும்பம்.

ஒரு மனிதன். அவனுடைய சுண்டு விரலைப் பிடித்தபடி ஐந்தோ ஆறோ வயதில் ஒரு பெண் பிள்ளை. மஞ்சள் உடுப்பு. யாரென்று சுபைறாவுக்குத் தெரியாது. மருதமுனைப் பக்கத்துப் பிள்ளையாக இருக்கலாம். முதலாவது அறையைக் கடந்தார்கள். இரண்டாவதையும் கடந்தார்கள். ஓடைக்குள் வந்தார்கள்.

மூச்சுகள் பேசத் தொடங்கின. "அசலாமு... சலாமு அலை... அசலா..." குளறின. மென்று துப்பின. மனிதன் சிரித்தான். பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு உதடுகளை இறுக்கி மூடியது. அதற்கு அது ஸலாமாகவே தெரியவில்லை.

சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் இந்த இருட்டில் இரண்டே பேர்.

அந்தக் காலடிகள் நெருங்கி வந்தன. பத்து அடி. எட்டு.

"மகள்" என்றாள் ஆகிலாவின் காதுக்குள். "நீ சொல்லு."

"ஏலா உம்மா."

"சொல்லு மகள்."

"அது சின்னப் புள்ள உம்மா. பாவம்."

"வீட்டுக்குப் போகலாம். ஆர்ர வீடெண்டாலும் வீடுதான். வெயிலைக் காணலாம். சொல்லு."

பிள்ளை மறுத்துத் தலையை ஆட்டியது. கண்ணீர் சுபைறாவின் கையில் விழுந்தது. சுபைறா அவளுடைய நாடியைப் பிடித்து நிமிர்த்தினாள். ஓதும்போது பிழை விட்டால் பிடிப்பதுபோல். இறுக்கமாக.

"எழுத்தை விழுங்காம. வடிவாச் சொல்லு."

ஆகிலா சொன்னாள். ஓர் எழுத்தும் பிசகவில்லை.

மஞ்சள் உடுப்புப் பிள்ளை நின்றது. தகப்பனின் விரலை விட்டது. பின்னால் நழுவிக் கிடந்த முக்காட்டை இரண்டு கையாலும் இழுத்து, முடி வெளியே தெரியாமல் ஒழுங்காகத் தலையில் போட்டுக்கொண்டது. பிறகு இருட்டை நோக்கி வாயைத் திறந்தது.