நீல இஞ்சின் மேல் ஒரு கண்

சுண்டெலிக்கு வயிறு எரிந்தது. பசி இல்லை. பொறாமை!

பின்னே என்ன? மேசைமேல் இரண்டு பொம்மை ரயில் இஞ்சின்கள் நிற்கின்றன. இரண்டும் உள்ளங்கை நீளம்தான். பச்சை இஞ்சின் அவள் பெயிண்ட் அடித்தது. நீலம் அவளுடைய சித்தி மகள் குண்டூசி அடித்தது. கடைக்குள் வருகிறவர்கள் எல்லாரும் நீலத்தையே பார்க்கிறார்கள்!

சுண்டெலி, குண்டூசி எல்லாம் வீட்டில் கூப்பிடும் பெயர்கள். ஒருத்தி ஓரிடத்தில் நிற்கமாட்டாள். இன்னொருத்தி அவ்வளவு ஒல்லி. இரண்டு பேருக்கும் பத்து வயது.

கடை அவர்களுடைய மாமாவின் கடை. பழைய பொம்மை ரயில்களைச் சரி செய்து கொடுப்பார். விடுமுறை தொடங்கிய அன்று ஆளுக்கு ஓர் இஞ்சினை நீட்டினார்.

"பழைய பெயிண்ட்டைச் சுத்தமா எடுத்துட்டுப் புதுசா அடிங்க. எது அழகா இருந்து நல்லாவும் ஓடுதோ, அதுதான் லீவு முடியற வரைக்கும் கடை ஜன்னல்ல ரயிலை இழுக்கும்."

கடை ஜன்னல்! தெருப் பிள்ளைகள் எல்லாம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும் ஜன்னல்!

இஞ்சினின் மேல்கூட்டைக் கழற்றி, பெயிண்ட் கரைக்கும் தொட்டியில் ஊறப்போட்டார்கள். வெந்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி பழைய பெயிண்ட் சுருண்டு வந்தது. பழைய பல் பிரஷால் தேய்த்து எடுத்தார்கள். அதுவரை இருவரும் சமம்தான்.

அதற்குப் பிறகுதான் வம்பு. சுண்டெலி ஒரே நாளில் பச்சையை அப்பு அப்பென்று அப்பினாள். காய்ந்துவிட்டதா என்று தொட்டும் பார்த்தாள். காயவில்லை. கூரைமேல் அவளுடைய கட்டைவிரல் ரேகை நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

"ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையாடி?" என்று மாமா சிரித்தார்.

குண்டூசியோ எட்டு நாள் எடுத்துக்கொண்டாள். மெல்லிசாக ஒரு பூச்சு. அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு. மழை கழுவிவிட்ட வானம் போல நீலம் பளபளத்தது. சக்கரங்களுக்கு மட்டும் சிவப்பு.

"உன் சக்கரத்துக்கு ஏன்டி ஓரமெல்லாம் வழுக்கை?" என்று குண்டூசி கேட்டாள்.

"போடி! ஊரு கண்ணு எல்லாம் உன் இஞ்சின் மேலதான் இருக்கு" என்று சுண்டெலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஓட்டிப் பார்க்கும் நேரம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏழெட்டு மூக்குகள். குண்டூசி நீல இஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து மின்சாரக் குமிழைத் திருகினாள்.

அசையவில்லை.

இன்னும் திருகினாள். ம்ஹூம்.

"மாமா, ஓடலை!"

மாமா பின்னறையில் கையுறையோடு தொட்டியில் கைவிட்டிருந்தார். "பழைய மோட்டார். போயிருக்கும்! சுண்டெலியோடதை வைங்க" என்று அங்கிருந்தே கத்தினார்.

சுண்டெலியின் மனதுக்குள் ஒரு குட்டி ஆட்டம். பச்சை இஞ்சினை வைத்தாள். அது கடகடவென்று ஓடியது.

குண்டூசி அழவில்லை. திருப்புளியை எடுத்துத் தன் இஞ்சினின் மேல்கூட்டைக் கழற்றினாள். "நான் அடிச்ச பெயிண்ட்தான் எதையோ கெடுத்திருக்கு. திரும்ப ஊறப்போட்டுடறேன்."

சுண்டெலிக்குக் காரணம் தெரியும். நேற்று அவளுடைய இஞ்சினும் இப்படித்தான் மக்கர் பண்ணியது. தண்டவாளத்தில் வரும் மின்சாரம் சக்கரத்தின் ஓரம் வழியாகத்தான் மோட்டாருக்கு ஏற வேண்டும். ஓரத்தில் பெயிண்ட் இருந்தால் ஏறாது. அதனால்தான் அவள் அங்கே சுரண்டி எடுத்திருந்தாள். வழுக்கை வந்த கதை அதுதான்.

பேசாமல் இருந்தால் போதும். பத்து நிமிடத்தில் அந்த நீலம் கரைந்துவிடும். அப்புறம் பொறாமைப்பட எதுவுமே இருக்காது.

குண்டூசி கூட்டோடு பின்னறைக்குப் போனாள்; சுண்டெலியும் பின்னாலேயே போனாள். குண்டூசியின் கை தொட்டியை நெருங்கியது. எட்டு நாள் வேலை, இதோ, முங்கப்போகிறது!

"நில்லுடி!"

கத்தியது தான்தானா என்று சுண்டெலிக்கே சந்தேகம்.

"நீலத்துல ஒண்ணுமில்லை. சக்கரத்தைக் கொண்டா. அந்தத் துணியில ஸ்பிரிட் தொட்டுக் குடு."

ஓரங்களை அவள் அழுத்தித் துடைத்தாள். துணி சிவந்தது. சக்கர ஓரம் வெள்ளியாக மின்னியது. கூட்டை மாட்டித் தண்டவாளத்தில் வைத்ததும், நீல இஞ்சின் சர்ரென்று புறப்பட்டது.

வெளியே மூக்குகள் எல்லாம் குதித்தன. "நீலம்! நீலம்!"

சுண்டெலிக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

"உனக்கு எரியுதாடி?" என்று குண்டூசி மெதுவாகக் கேட்டாள்.

"எரியுது. பேசாம ஓட்டு."

"எனக்கு எட்டு நாளா எரிஞ்சுதுடி."

"உனக்கா? எதுக்கு?"

"நீ ஒரே நாள்ல முடிச்சிட்டு விளையாடப் போயிட்ட. நான் பெயிண்ட் காயுதான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்!"

தன்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று சுண்டெலி நினைத்ததே இல்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவள் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தாள்.