பிணத்துக்கு எதற்குக் கரண்ட்?

டிரிங்... டிரிங்...

ஏட்டு மாரப்பன் வடையை மென்றபடியே ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ... போலீஸ் ஸ்டேஷன்."

"ஐயா... பொண வாடை அடிக்குதுங்க!"

"எங்கேருந்துமா?"

"கரடிக்கொட்டாய்ங்க. மூடிப்போட்டாங்களே அணு கரண்டு ஆபீசு... அதுக்குள்ளாற இருந்துங்க!"

வடை அந்தரத்தில் நின்றது.

காரணம் இருந்தது. அன்று காலைதான் சென்னையிலிருந்து அமுதவல்லி என்ற பெண்மணி போனில் அழுதிருந்தார். கணவர் நவநீதன். இன்சூரன்ஸ் சர்வேயர். அதே அணுமின் நிலையத்தைப் பரிசோதிக்க வந்தவர். நான்கு நாட்களாக ஆளைக் காணோம்... போன் சுவிட்ச் ஆஃப்!

மாரப்பன் மீதி வடையைத் தட்டில் வைத்தார். சர்வீசில் அவர் பாதி வடையோடு எழுந்தது இது இரண்டாவது முறை. முதல் முறை வடைக்குள் கரப்பான் இருந்தது.

"மேடம்! கொலைங்க!"

*

சித்தேரி மலையடிவாரத்தில் அந்த அணுமின் நிலையத்துக்கு மூன்று முறை அடிக்கல் நாட்டினார்கள். இரண்டு முறை திறப்பு விழா நடத்தினார்கள். மின்சாரம் மட்டும் பதினோரு மாதம்தான் வந்தது. பிறகு 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று ஒரு பலகை. அதைத் திறந்து வைக்கவும் ஒரு விழா!

உலை செத்தது. இன்சூரன்ஸ் சாகவில்லை.

விதி அப்படி. சர்வேயர் வருடா வருடம் வந்து பார்ப்பார். 'ஆபத்து நீங்கியது' என்று எழுதினால் பிரீமியம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். 'ஆபத்து இன்னும் இருக்கிறது' என்று எழுதினால் முழு பிரீமியம். கூடவே இருபத்து நாலு மணி நேரமும் தடையில்லாத கரண்ட். பொதுமக்கள் நெருங்கத் தடை. எல்லாம் அரசாங்கச் செலவில்.

நவநீதன் வருடா வருடம் 'இருக்கிறது' என்றே எழுதினார்.

சுற்றுவட்டாரக் கிணறுகளில் மோட்டார் ஓட்டக் கரண்ட் இல்லை. பிணத்துக்கு உண்டு!

*

இன்ஸ்பெக்டர் யுவராணியின் ஜீப் டர்பைன் ஹாலுக்கு முன்னால் கிறீச்சிட்டு நின்றது.

குப்பென்று அடித்தது நாற்றம்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஊரே முந்தானையையும் துண்டையும் மூக்கில் வைத்துக்கொண்டு நின்றது. முன்வரிசையில் ஆடு மேய்க்கும் குள்ளம்மாள்.

"நாந்தாங்க போன் போட்டேன்! எங்க ஆடுங்களே இந்தப் பக்கம் மேய வர மாட்டேங்குதுங்க."

"நவநீதன் உள்ள போனதைப் பாத்தீங்களா?"

"போனதைப் பாத்தேங்க. வந்ததைத்தான் பாக்கலீங்க."

அப்போது ஆஜரானார் மாதவராஜ். தலைமை ஒருங்கிணைப்பு அதிகாரி, நிரந்தர மூடல் பிரிவு. கோட், டை. கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள். மூன்றிலும் அவரே சிரித்தார்.

"இன்ஸ்பெக்டர்! இது உச்சகட்டப் பாதுகாப்பு மண்டலம். யாரைக் கேட்டு உள்ளே வந்தீங்க?"

"மூக்கைக் கேட்டு வந்தோம் சார். பொண வாடை வருதே?"

"அது... கதிர்வீச்சு வாசனை."

"கதிர்வீச்சுக்கு வாசனை உண்டா சார்?"

"டெக்னிக்கல் விஷயம். சாதாரண ஜனங்களுக்குப் புரியாது."

மாரப்பன் அவசரமாக மூச்சை நிறுத்தினார். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்ததும் வேறு வழியில்லாமல் விட்டார்.

யுவராணி ஹாலின் இரும்பு ஷட்டரைக் காட்டினாள்.

"திறங்க."

"விளையாடறீங்களா? ஸ்பெஷல் சூட் வேணும்! மும்பையிலேர்ந்து ஆளு வரணும்! ஒரு வாரம் ஆகும்!"

"அதுவரைக்கும் பொணம்?"

"பொணம்னு இருந்தா கொலைகாரினு ஒருத்தி இருப்பா இல்லையா? இதோ நிக்கறா!"

மாதவராஜின் விரல் நீண்டது. அதன் எதிர்முனையில் கான்ட்ராக்ட் செக்யூரிட்டி அன்பரசி. தொளதொளத்த காக்கிச் சட்டை. இடுப்பில் சாவிக்கொத்து.

"நவநீதனோட கடைசியா சண்டை போட்டவ இவதான். கூட்டிட்டுப் போங்க. லாக்கப்ல வெச்சுக் கேட்டா தன்னால சொல்லுவா!"

"ஐயோ... மேடம்!" அன்பரசி சாவிக்கொத்தைக் கழற்றி நீட்டினாள். "சண்டையெல்லாம் இல்லீங்க! லாரியில மூட்டை மூட்டையா உள்ள போச்சுங்க. என்னாங்க சார் இதுன்னு கேட்டேன். நவநீதன் சாருதான் 'கிட்ட வராத, கதிர்வீச்சு'ன்னு கத்துனாருங்க. இந்த ஹால் சாவி எங்கிட்ட கிடையவே கிடையாதுங்க!"

"பொய்!"

"வூட்ல ரெண்டு பொண்ணுங்க மேடம்... நான் உள்ள போனா அதுங்களுக்கு யாருங்க இருக்கா?"

யுவராணியின் செல்போன் அடித்தது. மேலதிகாரி.

"என்னம்மா, அணு விஷயத்துல நமக்கென்ன வேலை? ஆள் கிடைச்சாச்சுன்னு மாதவராஜ் போன்ல சொன்னாரே. அந்தப் பொண்ணை அரெஸ்ட் பண்ணிட்டுக் கிளம்பு!"

"சார், கதவைத் திறக்காம எப்படி..."

"கிளம்புன்னா கிளம்பு!"

டொக்.

மாரப்பன் தயங்கியபடி ஜீப் கதவைத் திறந்தார். அன்பரசி அழுதுகொண்டே ஒரு காலைத் தூக்கி வைத்தாள்.

அப்போதுதான்...

ஷட்டருக்குக் கீழே, சாக்கடைத் துவாரத்திலிருந்து ஒரு நாய் வெளியே வந்தது.

வாயில் என்னவோ இருந்தது!

மாரப்பனின் பூட்ஸ் அருகே அதைத் துப்பிவிட்டு, வாலை ஆட்டியது. பழுப்பாக... சுருக்கம் சுருக்கமாக...

"வெரலு!" வீலென்று அலறினார் மாரப்பன். "மேடம்... கட்டை வெரலு!"

வேலிக்கு அப்பால் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்.

யுவராணி குனிந்தாள். பேனா முனையால் அதைப் புரட்டினாள். நிமிர்ந்தாள்.

"ஏட்டய்யா... உங்க மாமனார் வூட்ல என்ன விவசாயம்?"

"மல்பெரிங்க. பட்டுப்பூச்சி வளக்கறாங்க. அதுக்கும் இதுக்கும் என்னாங்க..." மாரப்பன் மறுபடி உற்றுப் பார்த்தார். "அட... ஆமாங்க!"

பட்டுக்கூட்டுக்குள் இருக்கும் புழு! கூட்டை வெந்நீரில் போட்டு நூலைப் பிரித்தெடுத்தால் மிஞ்சுவது இதுதான். குவித்துப் போட்டால் இரண்டே நாளில் பிண வாடை. தர்மபுரி மாவட்டத்தில் பட்டுக்கூடு மார்க்கெட் பக்கம் போன எந்த மூக்குக்கும் இது தெரியும். இன்று எல்லா மூக்கையும் பயம் அடைத்திருந்தது.

"இது எப்படி சார் டர்பைன் ஹாலுக்குள்ள?"

மாதவராஜ் கர்சீப்பால் நெற்றியைத் துடைத்தார்.

"கதிர்வீச்சு பட்டா... எலி கூட இப்படி ஆயிடும்."

"அப்படியா?" யுவராணி ஷட்டரில் காதை வைத்தாள்.

ம்ம்ம்ம்ம்...

"நிரந்தரமா மூடின எடத்துல எது சார் ஓடுது?"

"கூலிங் பம்ப்! அது நின்னா உள்ள எரிபொருள் கொதிக்கும்!"

"அன்பரசி... ஜீப்லேருந்து இறங்கு. மெயின் சுவிட்ச் எங்க?"

"அந்தச் செவுத்துலதாங்க."

"போய் நிறுத்து."

"வேண்டாம்!" மாதவராஜ் கத்திய கத்தலில் டை முதுகுப்பக்கம் போனது. "எல்லாம் வெடிச்சுடும்! பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், பென்னாகரம்... எதுவும் மேப்புல இருக்காது!"

முதலில் ஆடுகள் ஓடின. பின்னால் ஊர் ஓடியது. மாரப்பன் ஓடவில்லை. ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டார்.

அன்பரசி கையை நெம்புகோலில் வைத்தாள்.

"மேடம்... நெசமாவே வெடிக்குங்களா?"

"மூடின வருஷமே எரிபொருள் மொத்தத்தையும் லாரியில ஏத்தி அனுப்பினாங்களே... பாதுகாப்புக்கு முன்னாடி ஜீப்ல போனது நான்தான். உள்ள வெடிக்கறதுக்கு ஒண்ணுமே கெடையாது. சார் மூஞ்சியைப் பாரு. ஊரே ஓடுது... அவர் மட்டும் ஒரு அடி நகரல!"

அன்பரசி மாதவராஜைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள்.

இழுத்தாள்.

படக்!

ம்ம்ம் சத்தம் நின்றது.

மயான அமைதி...

அடுத்த நொடி... ஹாலுக்குள்ளிருந்து பிணம் பேசியது!

"யோவ் மாதவராஜ்! கரண்டு ஏன்யா போச்சு? தண்ணி ஆறிப் போவுதுய்யா! நூலு அறுந்துடும்!"

ஜீப்புக்கு அடியில் மாரப்பன் முருகா முருகா என்றார்.

கடகடவென்று ஷட்டர் உள்ளேயிருந்தே மேலே ஏறியது. ஆவி பறந்தது. வரிசை வரிசையாக நூல் பிரிக்கும் மெஷின்கள்... மலை மலையாகப் பட்டுக்கூடு மூட்டைகள்... நடுவில் அழுக்கு லுங்கி, கிழிந்த பனியன், கையில் ஜல்லிக் கரண்டியுடன்...

நவநீதன்!

போலீசைப் பார்த்ததும் கரண்டி கீழே விழுந்தது.

"மேடம்... நான்... இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கேன்."

"லுங்கியிலயா?"

"நீ வாயை மூடுய்யா!" மாதவராஜ் சீறினார்.

"நான் ஏன்யா மூடணும்? வாடை தாங்காம வேலையாளுங்க ஓடிட்டாங்க. விட்டா கூட்டை ஓட்டை போட்டுப் பூச்சி வெளியே வந்துடும், மொத்தமும் நஷ்டம்னு என்னை உக்கார வெச்சது நீதானே? நாலு நாளா கொதிக்கற தண்ணியில கையை விட்டுட்டுக் கெடக்கேன். போனும் அதுலயே விழுந்துடுச்சு!"

யுவராணி சிரித்தாள்.

"ஓசிக் கரண்டு. எட்டிப் பாக்க ஆளில்ல. இதுக்காகத்தான் ஒவ்வொரு வருஷமும் 'ஆபத்து இன்னும் இருக்கிறது'ன்னு எழுதினீங்களா நவநீதன்?"

அவர் கீழே கிடந்த கரண்டியைக் குனிந்து எடுத்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க. உங்க ரெண்டு பேருக்கும் இருக்கு!" அவள் மாதவராஜ் பக்கம் திரும்பினாள். "உங்க பார்ட்னர் உயிரோட இருக்கார்னு தெரிஞ்சும் ஒரு பொண்ணைக் கொலைகாரி ஆக்கப் பாத்தீங்களே சார்... அது தனிக் கேஸ்."

மாரப்பன் தூசியைத் தட்டிக்கொண்டு, இவ்வளவு நேரமும் வீரமாக நின்றவர் போல முன்னால் வந்தார். ஜீப்பின் பின் சீட்டில் இருவரையும் தள்ளினார். நவநீதனின் பனியன், மாதவராஜின் கோட்டோடு நெருங்கி உரசியது.

"மேடம்!" மூக்கைப் பொத்திக்கொண்டு அலறினார் மாதவராஜ். "இந்த ஆள் பக்கத்துல உக்காரவே முடியல! நாத்தம் குடலைப் பிடுங்குது!"

அன்பரசி நிதானமாக வந்து ஜீப் கதவைச் சாத்தினாள்.

"அது கதிர்வீச்சு வாசனைங்க சார். ஒரு வாரம் பொறுத்துக்குங்க... மும்பையிலேர்ந்து ஆளு வருவாங்க!"