கண்ணாடிப் பெட்டியில் அக்கா!

"வீ...ல்!"

அருங்காட்சியகத்தின் மூன்றாம் கூடத்திலிருந்து கிளம்பிய அந்த அலறலில், வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர் நாலு டிக்கெட்டை ஒன்றாகக் கிழித்துவிட்டார்.

காலை பதினொன்று பத்து.

அலறியவள் எலும்பு டாக்டர்.

அதுதான் அதிர்ச்சி! தோண்டியெடுத்த பழைய எலும்புகளைப் பரிசோதிப்பது அவள் உத்தியோகம். எலும்புக்கூடுகளோடு பத்து வருடம் குப்பை கொட்டியவள். மேஜையில் மண்டை ஓடு இருக்க, பக்கத்திலேயே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுகிற ரகம். இங்கே வேலைக்குச் சேர்ந்த மூன்று வாரத்தில் அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

டைரக்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

திரை விலகியிருந்தது. கண்ணாடிப் பெட்டியின் மூடி திறந்திருந்தது. உள்ளே, சாம்பல் நிறத் துணி மேல் மல்லாந்து கிடந்தாள்... மூவாயிரம் வருடத்துக்கு முன் செத்துப்போன பெண். வெறும் எலும்பு. பெட்டியின் கீழே, தரையில் சரிந்து உட்கார்ந்திருந்தாள் எலும்பு டாக்டர்.

"என்னம்மா? கை தவறி ஏதாவது ஒடைஞ்சுதா? நாலு மணிக்கு இந்தம்மாவுக்கு அடக்கம்! பத்திரிகைக்காரங்க எல்லாம் வராங்க!"

"சார்..."

"சொல்லும்மா!"

"இது எங்க அக்கா சார்!"

டைரக்டர் விழித்தார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார்.

"தண்ணி குடிக்கிறீங்களா? உங்க அக்கா இங்கேதான் பதிவேட்டு அதிகாரியா இருந்தாங்க. எனக்கும் தெரியும். பாவம், ஆறு வருஷம் முன்னாடியே அவங்க..."

"கார் எரிஞ்சு செத்துட்டா. தெரியும். மூணு நாள் சாப்பிடாம அழுதிருக்கேன். ஆனா இது எங்க அக்கா!"

சொல்லிக்கொண்டே போலீசுக்கு நம்பரை அழுத்தினாள்.

*

வந்த இன்ஸ்பெக்டருக்கு ஸ்டேஷனில் வைத்த பெயர் 'ஃபைல் மூடி'. எந்த வழக்கையும் ஒரு வாரத்துக்கு மேல் மேஜையில் தங்க விடமாட்டார்.

"கொலைன்னு சொன்னீங்க. பாடி எங்கம்மா?"

எலும்பு டாக்டர் பெட்டியைக் காட்டினாள்.

இன்ஸ்பெக்டர் குனிந்து, பெட்டிக்குப் பக்கத்திலிருந்த பலகையைப் படித்தார்.

'பெண். வயது சுமார் முப்பது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். பெயர் தெரியாது. இவரும் நம்மைப் போல் ஒரு மனிதர். குரலைத் தாழ்த்துங்கள். படம் எடுக்காதீர்கள்.'

நிமிர்ந்தார்.

"கொலைகாரனே செத்து மூவாயிரம் வருஷம் ஆகியிருக்குமேம்மா! நான் யாருக்கு விலங்கு மாட்ட?"

"இடது பக்கம் காரை எலும்பைப் பாருங்க சார். கழுத்துக்குக் கீழே, தோளுக்குப் போற எலும்பு. நடுவுல ஒரு முண்டு தெரியுதா? ஒடைஞ்சு, கோணலா சேர்ந்தது. அக்காவுக்குப் பத்து வயசு. மாடிப்படியில நான்தான் தள்ளிவிட்டேன். வலியில துடிச்சா. அப்பவும் அம்மாகிட்ட என்னைக் காட்டிக் கொடுக்கல. அந்த முண்டைத் தடவித் தடவித்தான் சார் நான் வளர்ந்தேன்!"

இன்ஸ்பெக்டரின் முகத்தில் கேலி போய்விட்டது. பதிலாகச் சலிப்பு வந்தது.

"உங்க அக்கா கேஸை முடிச்சவனே நான்தாம்மா. மலை ரோட்டுல கார் கரிக்கட்டையா நின்னுச்சு. உள்ளே எரிஞ்ச எலும்பு. பக்கத்துல மோதிரம். புருஷன் பார்த்து அடையாளம் சொன்னார். பெட்டியை நானே உங்க வீட்டுல ஒப்படைச்சேன். நீங்களும்தான் மண் அள்ளிப் போட்டீங்க. ஒரு ஆளு ரெண்டு தடவை சாக முடியுமா? எலும்பு ஒடைஞ்சவங்க உலகத்துல உங்க அக்கா ஒருத்திதானா?"

"சரி. இதைப் பாருங்க."

அலமாரியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். அதே பழைய புதைகுழியில் கிடைத்த உடைசல் எலும்புத் துண்டுகள். ஒன்றை எடுத்து, நாக்கு நுனியில் வைத்தாள். கையை விட்டாள்.

துண்டு விழவில்லை. நாக்கிலேயே தொங்கியது!

"உவ்வே!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க தொழில்ல இதுதான் முதல் பரீட்சை சார். ரொம்பக் காலம் மண்ணுல கிடந்தா எலும்புல இருக்கிற பசையெல்லாம் போயிடும். ஈரம் பட்டா அப்படியே உறிஞ்சி ஒட்டிக்கும். புது எலும்பு ஒட்டாது. வேணும்னா நீங்களே வெச்சுப் பாருங்க."

"ஐயோ, வேணாம் தாயே! நான் சைவம்!"

இப்போது அவள் பெட்டியிலிருந்து ஒரு விலா எலும்பை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, நாக்கில் வைத்தாள்.

எலும்பு வழுக்கி அவள் உள்ளங்கையில் விழுந்தது.

ஒட்டவில்லை!

"நிறுத்துங்க!" டைரக்டர் கத்தினார். "என்ன அக்கிரமம் இது? செத்தவங்களை நக்கிப் பாக்கறதா? இந்த அம்மாவை முன்னாடி எப்படி வெச்சிருந்தாங்க தெரியுமா? நட்ட நடுக் கூடத்துல, ட்யூப் லைட்டுக்கு அடியில. பசங்க பக்கத்துல நின்னு பல்லைக் காட்டிப் படம் எடுப்பானுங்க. 'என்னைப் பாக்காதே'ன்னு செத்தவங்க வாய் திறந்து சொல்ல முடியுமா? அதனாலதான் இன்னைக்கு அடக்கம். மேல ஒரு டெஸ்ட்டும் கூடாதுன்னு நானே ஆர்டர் போட்டிருக்கேன். குழிக்கு மேல கான்கிரீட் போட்டு மூடறோம்!"

இன்ஸ்பெக்டரின் புருவம் மெல்ல ஏறியது.

"டெஸ்ட் கூடாதுன்னு நீங்களே ஆர்டர் போட்டீங்க... மேல கான்கிரீட் வேற!"

"மரியாதைக்காக சார்!"

"இருக்கட்டும், இருக்கட்டும். இந்தப் பெட்டிக்கு எத்தனை சாவி?"

"ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு..."

"என்கிட்ட," என்றது வாசலில் ஒரு குரல்.

*

அவர் அக்காவின் கணவர். எலும்பு டாக்டருக்கு அத்தான். இந்த அருங்காட்சியகத்தில் காட்சிப் பெட்டிகள் செய்கிறவர். ஆறு வருடம் முன்பு மூன்றாம் கூடத்தை இரண்டு மாதம் மூடிப் புதுப்பித்தபோது, திரை போட்டது, விளக்கைக் குறைத்தது, பலகையில் அந்த வாசகத்தை எழுத வைத்தது எல்லாம் இவர்தான். செத்தவர்களுக்கு மரியாதை எப்படிக் கொடுப்பது என்று மற்ற அருங்காட்சியகக்காரர்கள் இவரிடம் வந்து கேட்டுப் போவார்கள்.

"பாப்பா! என்னென்னமோ சொல்றாங்களே... நிஜமா?"

"அத்தான்!" ஓடிப்போய் அவர் தோளில் விழுந்து குமுறினாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அவர் கண்ணும் கலங்கியது.

"நான் அப்பவே சொன்னேன் சார்," என்றார் இன்ஸ்பெக்டரிடம். "இந்தம்மா இங்கேயே நிம்மதியா இருக்கட்டும்னு. டைரக்டர் கேக்கல. சரி, புதைக்கறதுன்னா பெட்டியோட புதைங்க, எலும்பை யாரும் தொட வேணாம்னு சொன்னேன். அதையும் கேக்கல."

"புதைக்கறதுக்கு முன்னாடி எலும்பு நல்லா இருக்கான்னு பாக்கறது விதிமுறை!" டைரக்டர் படபடத்தார். "அதனாலதான் டாக்டரைத் திறக்கச் சொன்னேன்!"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். பெட்டியில் இருப்பது புது எலும்பு. அது வரைக்கும் அவருக்கே சந்தேகமில்லை.

"ஏம்மா, ஒரு கொலையைப் பண்ணிட்டு, இவ்வளவு சுத்தமா எலும்பை எடுக்க முடியுமா?"

"முடியும் சார். பின்கட்டுல வண்டு ரூம் இருக்கு. செத்துப்போன மிருகங்களோட எலும்பைக் காட்சிக்கு வெக்கறதுக்காக, சதையைத் தின்ன வண்டு வளக்கறோம். ரெண்டு மூணு வாரத்துல... வெறும் எலும்பு மட்டும்தான்..."

வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆக, உள்ளூர் ஆள்." இன்ஸ்பெக்டர் டைரக்டர் பக்கம் திரும்பினார். "சாகறதுக்கு ஒரு வாரம் முன்னாடி அந்தம்மா உங்க மேல மேலிடத்துக்குப் புகார் எழுதினாங்க. ஒரு சிலை காணோம்னு. ஃபைல்ல படிச்ச ஞாபகம். சரிதானே?"

டைரக்டருக்கு வேர்த்துக் கொட்டியது.

"அ... அந்தச் சிலை அப்புறம் ஸ்டோர் ரூம்லயே கிடைச்சிடுச்சு சார்!"

"அந்தம்மா கிடைக்கலையே! புகார் உங்க மேல. சாவி உங்ககிட்ட. டெஸ்ட் வேணாம்னதும் நீங்க. நாலு மணிக்குக் கான்கிரீட் போட்டிருந்தா, ஜோலி சுத்தமா முடிஞ்சிருக்கும். நடங்க ஸ்டேஷனுக்கு!"

"பாவி!" அத்தான் பாய்ந்து டைரக்டரின் சட்டைக் காலரைப் பிடித்தார். "என் பொண்டாட்டிய என்னடா பண்ணே?"

இன்ஸ்பெக்டரோடு வந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் விலக்கிவிட்டார்கள். டைரக்டரின் மூக்குக் கண்ணாடி தரையில் விழுந்து உடைந்தது. கையில் விலங்கு ஏறியது.

எலும்பு டாக்டர் அதையெல்லாம் பார்க்கவில்லை. அக்காவை இனி ஒரு நிமிடம்கூடக் கண்ணாடிக்குள் கிடக்கவிட அவளுக்கு மனமில்லை. ஒவ்வொரு எலும்பாக எடுத்து, வெள்ளைத் துணியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

காரை எலும்பை எடுத்தாள்.

கை நழுவியது!

எலும்பு, இருந்த இடத்துக்கே போய் 'டக்'கென்று உட்கார்ந்தது.

அவள் மறுபடி எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

'டக்'.

அடியில் ஒரு பித்தளைத் தாங்கி இருந்தது. எலும்பு உருளாமல் பிடித்துக்கொள்வதற்காக, ஒவ்வொரு எலும்புக்கும் தனித்தனியாக அளவெடுத்து வளைத்தது. உரசாமல் இருக்க மேலே மெல்லிய துணி சுற்றியிருந்தது. காரை எலும்பின் முண்டு வருகிற இடத்தில், தாங்கியில் அழகாக ஒரு குழி.

அவள் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். முதுகெலும்பை வைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட ஆடவில்லை.

மெல்ல நிமிர்ந்தாள்.

"அத்தான்..."

"சொல்லு பாப்பா."

"இந்தத் தாங்கியெல்லாம் யாரு செஞ்சது?"

"நான்தான். கூடத்தை மூடியிருந்தப்போ, நாப்பது நாள் உக்காந்து செஞ்சேன். வேற யாருக்கு இந்த வேலை வரும்?" அந்த நேரத்திலும் குரலில் லேசாகப் பெருமை தட்டியது.

"எந்த எலும்பை வெச்சு அளவெடுத்தீங்க?"

அவள் தாங்கியிலிருந்த குழியைத் தொட்டுக் காட்டினாள்.

"டைரக்டர் பின்னாடி வந்து எலும்பை மாத்தியிருந்தா, இது பழைய அம்மாவோட அளவுலதானே இருக்கணும்? அக்கா எலும்பு ஆடணுமே! முண்டு இடிக்கணுமே! இந்தக் குழியை ஏன் அத்தான் வெட்டினீங்க?"

அத்தான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"அழுத்தினா... அவளுக்கு வலிக்குமேன்னு."

எலும்பு டாக்டர் பெட்டியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள்.

"என்னை விட்டுட்டுப் போறேன்னா பாப்பா. பெட்டியெல்லாம் கட்டிட்டா. ஒரு கோவத்துல தள்ளிவிட்டேன். அவ்வளவுதான். அப்புறம் அவளை மண்ணுல போட எனக்கு மனசு வரல. தினமும் காலையில கண்ணாடியைத் துடைச்சு, ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பேன். திரை போட்டேன். விளக்கைக் குறைச்சேன். ஒருத்தனும் அவகிட்ட சத்தமாப் பேசக் கூடாதுன்னு போர்டு வெச்சேன். நான் மரியாதையாத்தான் வெச்சிருந்தேன்!"

பளார்!

எலும்பு டாக்டர் எழுந்தது யாருக்கும் தெரியவில்லை. அறைந்த சத்தம்தான் கேட்டது.

"மரியாதையா? போறேன்னு சொன்னவளைப் போக விடறதுதான்டா மரியாதை! ஆறு வருஷமா வர்றவன் போறவன் எல்லாம் டிக்கெட் எடுத்து எங்க அக்காவைப் பாத்திருக்கான்! என் தலையைத் தடவின கையாடா இது?"

கான்ஸ்டபிள் விலங்கை டைரக்டரின் கையிலிருந்து கழற்றி, அத்தானின் கையில் மாட்டினார்.

அவள் கோட்டைக் கழற்றி அக்கா மேல் போர்த்தினாள். பலகைக்குப் போனாள். 'பெயர் தெரியாது' என்ற வரியைப் பேனாவால் அடித்தாள். மேலே அக்காவின் பெயரை முழுசாக, நிறுத்தி நிதானமாக எழுதினாள். பிறகு அங்கேயே நின்று வாய்விட்டு அழுதாள்.

உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டு எழுந்த டைரக்டர், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்போ... எங்க மூவாயிரம் வருஷத்து அம்மா எங்கே?"

எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் தலையைத் தொங்கப் போட்டார்.

"கார்ல. உள்ளே ஏதாவது எலும்பு இருக்கணுமே..."

எலும்பு டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அம்மா... அந்தப் பெட்டி மேல விழுந்து மயக்கமானாங்களே! சொந்தக்காரங்க இருநூறு பேர் பின்னாடி நடந்து வந்தாங்களே! யாருன்னே தெரியாத ஒருத்திக்கா நாங்க அத்தனை அழுகை அழுதோம்?"

டைரக்டர் கைகளைக் கூப்பிக்கொண்டார். நாலு மணிக்கு அவர் கொடுக்க இருந்த மரியாதையை, அந்தப் பழைய அம்மா ஆறு வருடம் முன்பே, இரண்டு மடங்காக வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இன்ஸ்பெக்டர் பார்வையாளர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். முகம் வெளிறிக் கிடந்தது.

"என்ன சார் ஆச்சு?" என்றார் கான்ஸ்டபிள்.

"எரிஞ்ச எலும்பைப் பாத்து, 'இன்னைக்குக் காலையில மரணம்'னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தவன் நான்யா! ஒரு மூவாயிரம் வருஷம் முன்னே பின்னே ஆயிடுச்சு... போலீஸ்னாலே லேட்டாத்தான் வரும்னு சொல்வாங்க. இவ்வளவு லேட்டா வந்த போலீஸ் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்யா!"