நிறைந்த தொட்டியில் தட்டும் சத்தம்

இப்போதெல்லாம் மனிதனுக்குக் கண்ணை விட்டு மறைந்தால் போதும், காரியம் முடிந்தது. செருப்பு, கந்தல், செத்த பூனை எல்லாம் சாக்கடைக் குழாய்க்குள். தள்ளிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறான். அது எங்கே போகிறது என்று எவனும் கேட்பதில்லை. மதகுக்காரரிடம் போகிறது.

ஊர்க் கழிவுநீரைத் தெளியவைத்து ஆற்றில் விடும் சின்ன நிலையம் அது. அன்று பகல் முழுக்க மழை. கம்பிச் சல்லடையில் சிக்கிய குப்பையை வாரி வாரி மதகுக்காரருக்குத் தோள் கழன்றுவிட்டது. பொழுது சாயும்போது மழை விட்டது. அதற்குள் தெளிந்த நீர் நிற்கும் கடைசித் தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. அதன் மதகைத் திறக்காவிட்டால் தண்ணீர் பின்னுக்குத் தேங்கி, முதல் தொட்டியின் மலநீர் சுவரைத் தாண்டி ஆற்றில் விழும். கீழே வளைவில் படிக்கட்டு இருக்கிறது. அவர் மகள் தினமும் இந்நேரம் முழங்கால் தண்ணீரில் நின்று அங்கேதான் கைக்குழந்தையின் துணி அலசுவாள்.

மதகைத் திறக்கும் சக்கரத்தில் கை வைத்தார். தொட்டிக்குள்ளிருந்து குழாயை யாரோ தட்டினார்கள். டொக். டொக். டொக்.

அந்த வேலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். தொட்டிக்குள் இறங்குகிறவன் கத்தினால் மேலே கேட்காது. அதனால் மூன்று தட்டு: 'நான் உள்ளே இருக்கிறேன், திறக்காதே.' தட்டு கேட்டால் மேலே இருப்பவன் சக்கரத்தைத் தொடமாட்டான்.

பம்பு அறையிலிருந்த மைத்துனனைக் கூப்பிட்டு, யாராவது உள்ளே இறங்கினார்களா என்று கேட்டார். மைத்துனன் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"மச்சான், தொட்டி நெறஞ்சு தளும்புது. உள்ள எவனாச்சும் இருந்தா அவன் மீனாத்தான் இருக்கணும்."

"சத்தம் கேக்கல?"

"குழாய்ல காத்து அடைச்சிருக்கும். தெறந்து விட்டுட்டு வீட்டுக்குப் போங்க. உங்க மூஞ்சியே சரியில்ல."

அவன் போய்விட்டான். காற்று என்றுதான் அவருக்கும் பட்டது. பேய், பிசாசு என்று சொல்கிறவனை அவர் பக்கத்தில் சேர்த்ததில்லை. ஆனாலும் ஸ்பேனரை எடுத்துக் குழாயில் ஒரு தட்டு தட்டினார்.

உள்ளிருந்து ஒரு தட்டு வந்தது.

இரண்டு தட்டினார். இரண்டு வந்தது. ஈரச் சிமெண்டு வாடையும் அழுகிய வாடையும் கலந்து எப்போதும் மூக்கைத் துளைக்கும் இடத்தில் இப்போது எந்த வாடையும் இல்லை. தவளைச் சத்தமும் நின்றிருந்தது. முதல் தொட்டியில் மலநீர் சுவரின் மேல் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு விரற்கடை. அவ்வளவுதான்.

உள்ளே ஆள் இருந்தாலும் இந்நேரம் செத்திருப்பான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். செத்தவனுக்குத் தண்ணீர் போனால் என்ன, நின்றால் என்ன.

சக்கரத்தைச் சுற்றினார். தட்டு வேகமானது. சுற்றினார். சுவர் அதிர்ந்தது. சுற்றினார்.

தட்டு நின்றது.

தண்ணீர் ஆற்றில் பாய்ந்தது. தெளிந்த நீர். ஒரு கந்தல்கூட இல்லை. சட்டையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரைமேல் வீட்டுப் பக்கம் நடந்தார். உடம்பில் தெம்பே இல்லை.

ஆற்றில் ஓரிடத்தில் தண்ணீர் இரண்டாகப் பிளந்து ஓடியது. நடு ஆற்றில் ஒருவன் நின்றால் அவன் காலைச் சுற்றி எப்படி ஓடுமோ, அப்படி. அங்கே யாரும் இல்லை.

"கல்லு," என்றார்.

கல் அவரோடு கூடவே வந்தது. அவர் நின்றார். அது நிற்கவில்லை. அதன் பின்னால் இன்னொரு பிளவு. அதற்கும் பின்னால், மதகு வாயிலிருந்து வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக.

"கல்லு இல்லன்னா சுழி. மழைத் தண்ணியில சுழி இருக்கத்தான் செய்யும்."

சொல்லிக்கொண்டே நடையை எட்டிப் போட்டார். வளைவில் மகள் முதுகைக் காட்டிக் குனிந்து துணி அலசிக்கொண்டிருந்தாள். முன்னால் போன பிளவு அவளுக்குப் பின்னால் போய் நின்றது. மற்றவை ஒவ்வொன்றாக வந்து அவளைச் சுற்றி நின்றன.